வெற்றிக் கிழமையின் எஞ்சின்கள்

மே 9, 2009, சனி

விடியத் தொடக்கம் தூறல். முதுகு நோவு. மாதிரி ரயில் எக்ஸிபிஷனுக்கு இன்னும் இரண்டு கிழமை. செய்ய வேண்டியவை:

– மூன்று எஞ்சின்களுக்கும் நிறம் முடிவு செய்ய
– கறுப்புப் பெயின்ற் (மினுக்கம் இல்லாதது)
– பெட்டிகளின் தேக்கு நிறத்தைக் கொஞ்சம் அழுக்காக்க
– பல் டொக்டர்

நிறம் முடிவு செய்வது என் பொறுப்பு. மேசையும் தண்டவாளமும் ஸ்டேசனும் விஜேயின் பேஸ்மென்றில், வோபர்னில். எஞ்சினும் பெயின்றும் என் பேஸ்மென்றில், மல்வேர்னில். பதினொரு வருடமாக இந்தப் பாகப்பிரிவினை. விஜே கண்டிச் சிங்களவன், நான் யாழ்ப்பாணத்தான். இங்கிலீசில் பேசி, இங்கிலாந்து ரயிலை ஸ்காபரோவில் ஓடவிடுகிற இரண்டு கிழடுகள். ஒரே ஒரு சட்டம்: 1945 கோடைக்குப் பின் பிறந்த ஒரு சாமானும் மேசைக்கு வரக்கூடாது. ஏன் அந்த வருடம் என்று இருவரும் பேசியதில்லை. பேசத் தேவையுமில்லை. அப்போது நாங்கள் சண்டை பிடிக்க எங்களிடம் நாடே இல்லை, எல்லாம் வெள்ளைக்காரனுடையது.

இன்று விஜே போனில் புதுக்கதை. எங்கள் மேசைக்கு ‘வெற்றிக் கிழமை’ என்று பெயர் வைக்கலாமாம். 1945 மேயில் ஜெர்மன்காரன் தோற்ற வாரம். ஸ்டேசன் முழுக்கக் கொடி, எஞ்சின் மூஞ்சியிலும் கொடி. பெரிய எஞ்சினுக்கு அப்பிள் பச்சை.

“கறுப்பு எஞ்சினை ஆர் மச்சான் பாக்கிறது?”

விசர்க் கதை. சண்டை தொடங்கி இரண்டு வருடத்தில் பச்சையை நிறுத்திவிட்டார்கள். எல்லாம் கறுப்பு, கோடு கூட இல்லை. பின்னால் கரிப்பெட்டியில் நாலெழுத்தாக இருந்த கம்பனிப் பெயரை இரண்டெழுத்தாக்கினார்கள், பெயின்ற் மிச்சம் பிடிக்க. அடுப்பின் வெளிச்சம் மேலே பிளேன்காரனுக்குத் தெரியாமல் டிரைவர் தலைக்கு மேல் படங்கு கட்டினார்கள். பச்சை திரும்பி வந்தது சண்டை முடிந்து அடுத்த வருடம். சண்டை முடிந்தது என்று ரேடியோவில் சொன்ன உடனே எஞ்சின் நிறம் மாறாது.

சொன்னேன். “நீ ஒரு சந்தோசமில்லாத மனுசன், சிவா” என்றான்.

மலரைப் பற்றிக் கேட்கவில்லை. என் கடைசித் தங்கச்சி, புருசனோடும் பிள்ளையோடும் சண்டை நடக்கிற வன்னிக்குள். பெப்ரவரிக்குப் பிறகு போன் இல்லை. விஜேக்கு இது தெரியும். மலரையும் தெரியும். சமாதான காலத்தில் அவன் கொழும்புக்குப் போனபோது நான் கொடுத்துவிட்ட பார்சலை அவனுடைய மச்சான் வீட்டுக்கு வந்து வாங்கிக்கொண்டு போனவள். “யுவர் சிஸ்ரர் சாப்பிடாமல் போகமாட்டன் எண்டு நிண்டாள், நல்ல பகிடிக்காரி” என்று வந்து சொன்னவன்.

ஒரு வார்த்தை. ‘தங்கச்சி எப்பிடி?’ என்று. சட்டத்தை மீறினாலும் பரவாயில்லை. கேட்கட்டும் பார்ப்போம்.


மே 10, ஞாயிறு

அன்னையர் தினம். வெயில், ஆனால் குளிர்.

மகள் அபி காலையில் வன்னிச் சண்டையை நிறுத்தக் கேட்கிற ஊர்வலத்துக்குப் போனாள். பின்னேரம் ரீவியைப் பார்த்தால் சனம் ஹைவேயில் ஏறி மறித்துக்கொண்டு நிற்கிறது. என் மனுசி வசந்தி ரீவிக்குக் கிட்டப் போய் மகளின் ஜக்கெற்றைத் தேடுகிறாள். பிறகு அவளும் சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரரின் வானில் ஏறிப் போய்விட்டாள்.

நான் போகவில்லை. ஜனவரியில் போய்ப் பனிக்குள் கைகோத்து நின்றேன். வந்தது சளி.

பேஸ்மென்றில் வளைந்த மூக்கு எஞ்சினைக் கையில் எடுத்தேன். பெரிய எஞ்சின் என்பது இதுதான். சண்டைக்கு முன் இதன் சில்லுகளை மூடிப் பாவாடை மாதிரித் தகடு இருக்கும். சண்டைக்குள் திருத்தக் கஷ்டம் என்று கழற்றிவிட்டார்கள். நானும் கழற்றினேன். ஒரு பக்கம் வெடித்துவிட்டது, ஒட்டினேன், சரிவரவில்லை.

அபி வந்தாள், கோஷம் போட்டுக் குரல் கம்மிப்போய்.

“எல்லாரும் அங்க நிண்டவை அப்பா. லிற்றரலி எவ்ரிபடி. யூ ஆர் பிளேயிங் வித் ட்ரெயின்ஸ்.”

“விடு பிள்ளை” என்றாள் வசந்தி. “உங்கட அப்பாவுக்கு உது பெரிசு. கூடப்பிறந்தது சிறிசு.”

எனக்கு அழுகை வரவில்லை என்பதற்காக எனக்குத் தங்கச்சி இல்லை என்றாகிவிடுமா? இதை வாயைத் திறந்து சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். மூக்கு எஞ்சினுக்கு மட்டும் கறுப்பு முதல் பூச்சு.


மே 12, செவ்வாய்

வேலையில் சூப்பர்வைசர், காதில் விழ வேண்டுமென்றே: “மை டாக்ஸ், மை ஹைவே.” நான் பெட்டிகளுக்கு லேபல் ஒட்டினேன்.

பின்னேரம் விஜே போன். நிமாலி, அவன் மனைவி, ஞாயிறு காருக்குள் இரண்டு மணித்தியாலம் அகப்பட்டாளாம்.

“சின்னப் பிள்ளையளை முன்னுக்கு விட்டுக்கொண்டு உங்கட ஆக்கள் இப்பிடிச் செய்யிறது சரியே?”

உங்கட ஆக்கள்! பதினொரு வருடத்தில் முதல் தடவை. “விஜே, 1945இல் ரொறன்ரோவில் உந்த ஹைவே இல்லை” என்றேன். பிறகு “பச்சைக்கு என்ன முடிவு?” என்றான். கறுப்பு என்றேன். அவன் கேட்கவில்லை, மலரை.

பல் டொக்டர்: ஒன்றைப் பிடுங்க வேண்டுமாம். பிடுங்கட்டும்.


மே 14, வியாழன்

மழை. கறுப்பு இரண்டு டப்பா வாங்கினேன். எழுத்து ஒட்டும் தாள் வந்தது, இரண்டெழுத்து, மங்கல் மஞ்சள், அளவு சரி.

எஞ்சின் முடிவுகள்:

1. வளைந்த மூக்கு. கறுப்பு. நீலம் கேட்டாலும் இல்லை, பச்சை கேட்டாலும் இல்லை.
2. பசஞ்சரும் சாமானும் இரண்டும் இழுப்பது. கறுப்பு. சில்லில் துரு.
3. யுத்த இலாகாவின் சாமான் எஞ்சின். காக்கி மண்ணிறம். அவசரத்தில் செய்தது, அழகு என்ற பேச்சே இல்லை, சண்டை முடிந்தால் வேண்டாத சாமான். இதுதான் என் செல்லம்.

வசந்தியின் மச்சாள் லண்டனிலிருந்து போன்: மலரைக் கண்டவையாம், கடல் பக்கமாம். அரை மணித்தியாலத்தால் திரும்ப எடுத்தா: அது வேறு மலராம். இவவின் வாயை முதலில் தைக்க வேண்டும்.


மே 16, சனி

கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

மூன்று எஞ்சினையும் ஓடவிட்டுப் பார்க்க விஜே வீட்டுக்குப் போனேன். கதவைத் திறக்கும்போதே உள்ளே சிங்கள ரீவியில் ஆமி வெல்கிற செய்தி, நிமாலியின் ஆட்கள் ஐந்தாறு பேர், கைதட்டல். என்னைக் கண்டதும் யாரோ சத்தத்தைக் குறைத்தார்கள். குறைத்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. சாவு வீட்டுக்காரன் வந்த மாதிரி.

“ரீ போடட்டா சிவா?” என்றாள் நிமாலி. நல்ல பெண். வேண்டாம் என்றேன்.

கீழே போனால் ஸ்டேசன் முழுக்கக் கொடி. நூலில் கோத்து, நகம் அளவில், நூறு இருக்கும். பிளாற்போமில் தொப்பியைத் தூக்கி எறிகிற மனிதர்கள், புதிதாக வாங்கியவர்கள். நல்ல வேலைதான், குறை சொல்ல ஏலாது. சரித்திரப்படியும் சரி. அந்தக் கிழமை அங்கே கொடி கட்டினார்கள்தான்.

என் மூக்கு எஞ்சினை வாங்கி, முகத்தில் குறுக்காக இரண்டு கொடியை ஒட்டப் பசையோடு வந்தான்.

“வையாதை” என்றேன்.

“1945, சிவா. சட்டம் உன்ரதானே.”

“மேல உன்ர ரீவியில ஓடுறது எந்த வருசம்?”

அவன் முகம் சிவந்தது. பசை ஒரு சொட்டு எஞ்சினின் மூக்கில் விழுந்தது, நான் நேற்றுத்தான் பூசிய கறுப்பில். நான் எஞ்சினைப் பறித்தேன். மூன்றையும் பெட்டிக்குள் போட்டேன். பதினொரு வருடத்துக்கு நாலு நிமிடம் போதும்.

கார் வரை பின்னால் வந்தான். செருப்பும் இல்லை, மழைக்குள். கண்ணாடிக்கு வெளியே நின்று என்னவோ சொல்கிறான். கண்ணாடியை இறக்கவில்லை. மன்னிப்புக் கேட்கிறவன் ரீவியை நிறுத்திவிட்டு வந்து கேட்கட்டும்.


மே 18, திங்கள்

விக்ரோறியா தினம், லீவு. நல்ல வெயில், வேண்டாத வெயில்.

முடிந்துவிட்டதாம். எல்லா ரீவியிலும்.

வசந்தி சமைக்கவில்லை. அபி அறையை விட்டு வரவில்லை. நான் பாண் வாட்டி ஒவ்வொருவர் கதவடியிலும் வைத்தேன். அப்படியே இருந்தது.

பொழுதுபட்டதும் வாணம். மகாராணியின் பிறந்தநாளுக்கு வருடா வருடம் விடுவதுதான், எங்களைக் குத்திக்காட்ட விட்ட வாணமில்லை. ஆனாலும் ஒவ்வொரு வெடிக்கும் வசந்தி திடுக்கிட்டாள். திரைச்சீலையை இழுத்து மூடினாள். பூங்காவில் பிள்ளைகள் ஓ என்று கத்துகிறார்கள்.

விஜே மூன்று தரம் போன் அடித்தான். எடுக்கவில்லை. என்ன சொல்லப்போகிறான்? ‘எல்லாம் முடிஞ்சுது மச்சான், இனி ஊருக்குப் போய் வரலாம்’ என்றா? குரல் செய்தி வைத்திருக்கிறான். கேட்கவில்லை. கேட்டால் வாயில் வரக்கூடாதது வரும்.

அவனை நான் வெறுக்கிறேன். எழுதிப் பார்த்தேன். உண்மைதான்.


மே 20, புதன்

வேலைக்குச் சுகமில்லை என்று சொல்லிவிட்டேன். பொய்யில்லை.

மத்தியானம் விஜேயின் கார் வாசலில். பேஸ்மென்ற் ஜன்னலால் அவன் சப்பாத்து மட்டும் தெரிந்தது. மணி அடித்தான். திரும்ப அடித்தான். கதவில் தட்டினான். வசந்தி வேலையில், அபி எங்கேயோ. நான் தூரிகையைப் பிடித்தபடி மூச்சுக் காட்டாமல் இருந்தேன், கடன்காரனுக்கு ஒளிக்கிறவன் மாதிரி. போய்விட்டான்.

எக்ஸிபிஷன் என்னால் நிற்காது. என் எஞ்சின் இல்லாமல் எதை ஓட்டுவான்? பச்சையாக எதையாவது வாங்குவான். வாங்கட்டும்!


மே 21, வியாழன்

இன்றும் போகவில்லை. காலையில் எல்லோரும் போன பிறகு வேலை தொடங்கினேன். பசை விழுந்த இடத்தைச் சுரண்டி, மூக்கு முழுவதும் திரும்பக் கறுப்பு. இம்முறை நன்றாக வந்தது. மெல்லிய பூச்சு, காயவிட்டு இன்னொன்று. கனகாலத்துக்குப் பிறகு மனம் ஒரு இடத்தில் நின்றது.

நடுவில் போன். மேசையில் அதிர்ந்து அதிர்ந்து டப்பாவில் முட்டுகிறது. விஜே. நின்றது. உடனே திரும்ப விஜே. பூச்சு நடுவில் நிறுத்தினால் கோடு விழும். போனைக் கவிழ்த்து வைத்தேன். அதன் பிறகு எடுக்கவில்லை. ஒரு வழியாக விளங்கிவிட்டது அவனுக்கு.


மே 23, சனி

எக்ஸிபிஷன் நாள். போகவில்லை.

காலையில் அபி: “அப்பா, உங்கட மெயில்பொக்ஸ் ஃபுல். உங்கட வேலையிடத்திலயிருந்து அம்மாவின்ர போனுக்கு எடுக்கினம்.” அழிக்கத் தெரியாது என்றேன். அவளே எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். வசந்தி பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றாள்.

திங்கள், விஜே: சிவா, என் மச்சான் அரசாங்க டொக்டர் தெரியும்தானே, அவனை வவுனியாப் பக்கம் முகாம் ஆஸ்பத்திரிக்குப் போட்டிருக்கிறார்கள். மலரைத் தேடச் சொல்லி இரண்டு கிழமைக்கு முன்பே சொன்னேன். ஒன்றும் நிச்சயமில்லாமல் உன்னிடம் சொல்லப் பயமாக இருந்தது. அன்றைக்குக் காரடியில் அதைத்தான் சொன்னேன்.

புதன், விஜே: கண்டுபிடித்துவிட்டான். உன் வீட்டு வாசலில் நிற்கிறேன். கதவைத் திற.

வியாழன், விஜே, கத்திக்கொண்டு: எடு சிவா, எடு, அவள் மற்ற லைனில் நிற்கிறாள், ரெண்டு நிமிசம்தான் தரலாமாம், எடு மச்சான், எடு.

வசந்தி தண்ணீரை மூடவில்லை, அது ஓடிக்கொண்டே இருந்தது.

விஜேக்கு எடுத்தேன். மண்டபத்தில் நின்றான், பின்னால் பெரிய சத்தம், பிள்ளைகள், எங்கள் மேசையைச் சுற்றித்தானாக இருக்கும். டொக்டரை வெள்ளி காலையே வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்களாம். முகாமுக்குள்ளே சனம் போன் வைத்திருக்க விடமாட்டார்களாம். இனி வேறு வழி பார்க்க வேண்டும், பார்க்கிறேன் என்றான். ஏன் எடுக்கவில்லை என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். நன்றி சொன்னேன். கொடிக்கும் ரீவிக்கும் சேர்த்துச் சொன்ன மாதிரி இருந்தது. ஆனாலும் சொன்னேன்.

விஜேயின் கத்தலுக்குப் பிறகு அதே செய்தியில் மலர், அவன் லைனைச் சேர்த்துவிட்டிருக்கிறான். அபி நாலு தரம் போட்டாள். இந்தப் போன் எப்போது எதை அழிக்கும் என்று தெரியாது, அதனால் அப்படியே எழுதிவைக்கிறேன்:

“அண்ணை, நான் மலர். டொக்டர் போன் தந்தவர். நானும் சின்னவளும் இருக்கிறம். இவர் இல்லை அண்ணை. கேக்குதோ? அண்ணை? ... ஆரும் எடுக்கினமில்லை டொக்டர். ... அழாதையுங்கோ எண்டு அண்ணியிட்டச் சொல்லுங்கோ. இப்ப அங்க விடிஞ்சிருக்கும் என்ன, வேலைக்கு வெளிக்கிட்டிருப்பியள். சரி அண்ணை, நான் வைக்கட்டே?”