சிவப்பு முள்

31-10-1953, சனி.

சின்னவளுக்குக் காய்ச்சல் விடவில்லை. காலையில் குழித்துறை டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கம்பவுண்டர் தாசையன் அவள் கையைப் பிடித்து நாடி எண்ணினார். எண்ணும்போது அவர் பார்த்தது, சித்திரையில் நான் அவருக்கு விற்ற கைக்கடிகாரத்தை.

எட்டு மாதம் அதோடு மல்லுக்கட்டினேன். பள்ளிக்கூடத்தில் படம் வரையச் சொல்லிக்கொடுக்கிற கை சும்மா இருக்குமா? பழைய டயலைச் சுரண்டித் தமிழ் எண்கள் எழுதினேன். செகண்டு முள்ளுக்குச் சிவப்பு பூசினேன், பிடிக்காமல் அழித்து மறுபடியும் பூசினேன். எல்லாம் முடிந்தபின் அதில் செய்ய ஒன்றுமில்லை. வேர்வை படுமே என்று கையில்கூடக் கட்டவில்லை. அதற்குள் வேறொரு பழைய கடிகாரம் கண்ணில் பட்டது. இதை விற்று அதை வாங்கினேன்.

இன்று பார்த்தால் கண்ணாடியில் கீறல். எனக்குப் பொறுக்கவில்லை.

"கண்ணாடிய மாத்தித் தரட்டா?" என்றேன்.

"எதுக்கு சார்? செவப்பு முள்ளு நல்லாத் தெரியுதுல்லா. நாடி பிடிக்கதுக்கு இதுபோல ஒண்ணு கிடைக்காது," என்றார். "பிள்ளைக்கு நாலு மணிக்கூறுக்கு ஒருக்க மருந்து குடுங்க. பயப்படாண்டாம்."

நாடி பிடிக்கவா பூசினேன்? அழகுக்குப் பூசினேன்.

விளக்கு வைத்த பிறகு வீட்டுக்காரி மருந்துக் குப்பியோடு வந்து நின்றாள். "இப்பம் மணி என்னாச்சு?" என்று கேட்டாள்.

மேசைமேல், அதை விற்று வாங்கிய கடிகாரம் கிடந்தது; வீட்டில் வேறு கடிகாரம் இல்லை. வர்ணம் பூச முள் இரண்டையும் நேற்றுத்தான் கழற்றியிருந்தேன்.