பிழை என் வரியில் இருந்தது, அக்கா

என் பிரியமான ஸ்டெல்லாக்காவுக்கு,

நம் கம்ப்யூட்டர் நாலு நாளாக நிற்காமல் ஓடுகிறது. ராஜபாளையம் மில்லில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்குத்தான் உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளவில்லை. எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை.

அப்போதெல்லாம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து நீ காலை பஸ்ஸில் வருவாய். நூற்பு மெஷின்களின் தகவலை ஆபீசுக்குக் கொண்டுவரும் நெட்வொர்க் கார்டுக்காக, கம்ப்யூட்டரின் அடிப்படையான கெர்னலுக்குள் ஓடும் டிரைவர் புரோகிராமை இருவரும் ஒரே மேசையில் எழுதினோம். உள்ளே வரும் தகவல் பாக்கெட்டுகளை வாங்குவது உன் பகுதி, வெளியே அனுப்புவது என் பகுதி. தினமும் ஒரு தடவையாவது திரை உறைந்துவிடும். ஒவ்வொரு தடவையும் உன் பகுதியில்தான் நின்றது.

“இது யாரு எழுதுனதும்மா?” என்று மேனேஜர் கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. “அக்கா எழுதுனது சார்” என்றேன். நீ என்னைப் பார்த்தாய். மறுநாளே உன்னைக் கடிதம் டைப் அடிக்க மாற்றிவிட்டார்கள். மூன்று மாதத்தில் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது.

பிறகு உன் பகுதியை அழித்துவிட்டு நானே புதிதாக எழுதினேன். அப்போதும் நின்றது. வேறு வழியில்லாமல் என் பகுதியைப் படித்தேன்.

பாக்கெட்டைக் கார்டிடம் கொடுத்த கையோடு அதன் மெமரியை விடுவித்திருக்கிறேன். கெர்னல் அந்த இடத்தை உள்ளே வரும் இன்னொரு பாக்கெட்டுக்குக் கொடுத்துவிடுகிறது. கார்டு அனுப்பி முடித்ததும், தனக்குச் சொந்தமில்லாத அதே இடத்தில் ‘முடிந்தது’ என்று குறி எழுதுகிறது என் புரோகிராம். கெடுத்தது நான். விழுந்தது உன் வீட்டுக்குள்.

கார்டு முடித்த பிறகே மெமரியை விடும்படி ஒரு வரியை இடம் மாற்றினேன். அவ்வளவுதான் அக்கா.

நேற்று உன் டிராயரில் என் பகுதியின் பழைய பிரிண்ட் அவுட் கிடைத்தது. அந்த வரியைச் சுற்றிப் பென்சில் வட்டம். பக்கத்தில் உன் கையெழுத்து: ‘ஜெயாகிட்ட கேக்கணும்.’

எப்போது போட்டாய் அதை? நான் மேனேஜரிடம் சொல்வதற்கு முன்பா, பின்பா? தெரிந்தும் என்னை விட்டுக்கொடுக்காமல் இருந்தாயா? “ஏட்டி, தப்பு உன்னுதுலதாம்ட்டி” என்று ஒரு தடவை கத்தியிருக்கக் கூடாதா?

இன்று காலை மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “அவிய போயிட்டாவ. இப்ப எதுக்கும்மா? ஓடுதுல்ல, விடு” என்றார்.

எப்படி விடுவது? பெரியம்மா பார்க்கிறவர்களிடமெல்லாம், “எம்புட்டோ படிச்சா, அந்த வேல மட்டும் எம் பிள்ளைக்குப் பிடிபடல” என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஜெபம் முடிந்ததும் உங்கள் வீட்டுக்கு வருவேன். பெரியம்மா முன்னால் உட்கார்ந்து, நடந்ததைச் சொல்வேன். அவள் அடித்தாலும் திட்டினாலும், உனக்கு வேலை தெரியும் என்பது அவளுக்குப் புரிகிற வரைக்கும் எழுந்து வரமாட்டேன்.

உன்னிடம் கேட்காமலே உன்னைக் காட்டிக்கொடுத்த
உன் சித்தி மகள்,
ஜெயா