கறித்தூள் வாசம் அடிக்கும் பாஸ்போர்ட்

இல்லை அக்கா, மிச்சப் படத்தை நான் பார்க்கவில்லை. நீங்கள் நிறுத்தச் சொன்ன இடத்திலேயே நிற்கிறது. கடன் கொடுத்தவன் கதவைத் தட்டுகிறான். உள்ளே ஒருத்தி விளக்கை அணைத்துவிட்டு மூச்சை அடக்கி உட்கார்ந்திருக்கிறாள்.

உங்கள் உடலைப் பெட்டியில் வைத்து யாழ்ப்பாணத்துக்கு அனுப்பியாகிவிட்டது. இன்று உங்கள் சாமான்களைக் கட்டும்போது, கறித்தூள் டின்னின் அடியில் ஒரு பாஸ்போர்ட் கிடைத்தது. பொலித்தீன் பையையும் மீறி வறுத்த மிளகாய் வாசம். உங்களுடையது அல்ல. பரமேஸ்வரியுடையது.

மூன்றாம் மாடி அறையில் இருக்கிற, வீடுகளில் கூட்டித் துடைக்கிற, நம் மலையகத்து ஹட்டன்காரி. ஊரில் அவள் அம்மா ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். வேலை செய்கிற வீட்டு மேடம் லீவு கொடுத்தும் இவள் போகவில்லை. நீங்கள் போன பிறகு இருமுறை நம் வாசலில் வந்து நின்றாள். "அக்கா சாமானெல்லாம் கட்டியாச்சுங்களா?" என்று மட்டும் கேட்டாள். துக்கம் என்று நினைத்தேன்.

அமீரகத்துப் புஜைராவின் இந்த அறையில், லீவு நாட்களில், நாம் பார்த்ததெல்லாம் ஜப்பான் படங்கள். வட்டிக்காரர்கள், ஓடி ஒளிகிறவர்கள். கீழே ஓடும் ஆங்கில வரிகளை நான் தமிழில் சொல்வேன். பொறுமையிழந்து நீங்களே வசனம் பேசுவீர்கள்.

"பாரடி, காலிலை கிடந்த சப்பாத்தை வாசலிலை கழட்டி வைச்சிட்டெல்லோ மிரட்ட வாறான். நல்ல வளர்ப்பு!"

சிரிப்போம். அந்தப் பெண் அழுதால் நீங்களும் அழுவீர்கள். "பாவமடி, அவளை விடச்சொல்லு." நான்தான் பிடித்து வைத்திருப்பதுபோல.

டின் அப்போதும் அடுப்புக்கு மேல்தான் இருந்தது.

நீங்கள் வட்டிக்குக் கொடுப்பது தெரியும். பாஸ்போர்ட்டை அடகு வாங்குவது தெரியாது.

பரமேஸ்வரியைக் கைப்பேசியில் கூப்பிட்டு, பாஸ்போர்ட் கிடைத்ததைச் சொன்னேன்.

"அக்காவத் தப்பா நெனச்சிராதீங்க. நான்தான் வச்சுக்கிருங்கன்னு குடுத்தேன். கேட்டிருந்தா தந்திருப்பாங்க."

"பிறகேன் கேக்கேல்லை?"

"பயமா இருந்துச்சு."

உங்களுக்கா பயந்தாள், அக்கா? பொரித்த மீனில் பெரிய துண்டை என் தட்டில் வைக்கிற உங்களுக்கா? அப்படியானால் அழுதது யாருக்காக? கதவுக்கு உள்ளே இருப்பவளுக்காகவா, வெளியே நிற்கிறவனுக்காகவா? கேட்டிருந்தால் தந்திருப்பீர்கள். அதையும் நம்புகிறேன். இரண்டையும் சேர்த்து வைக்க எனக்குத் தெரியவில்லை.

"மிச்சக் காச இனி யாருகிட்ட குடுக்கணும்?" என்றாள்.

தெரியாது என்றேன்.

பிறகு மூன்றாம் மாடிக்கு இறங்கிப் போனேன். சப்பாத்தை வாசலில் கழற்றி வைத்தேன். கதவைத் தட்டினேன். பாஸ்போர்ட்டை அவள் கையில் கொடுத்தேன்.