நாலு படி பாக்கி இல்லை, அக்கா

1. கரமனையில் குடியிருப்பவனும், வழக்கறிஞர் தொழில் செய்பவனும், ஐம்பத்தெட்டு வயது நிறைந்தவனுமாகிய சங்கரன் என்னும் நான், காலஞ்சென்ற என் அக்கா சரஸாவுக்கு உறுதிமொழிந்து எழுதுவது.

2. கீழ்க்காண்பவற்றில் நேரில் அறிந்ததை அறிந்ததாகவும், நம்புவதை நம்புவதாகவும் மட்டுமே சொல்கிறேன்.

என் அன்பு அக்கா,

இன்று காலை பதினொரு மணி சுமாருக்கு மச்சு அறைக் கதவு தட்டப்பட்டது. தட்டியவர் வாசலில் நின்றுகொண்டிருக்கும்போதே நான் திறந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீ பொறுமையில்லாதவள்.

இந்தக் கடிதத்தை அச்சில் படிக்கப்போகிறவர்களுக்காக, உனக்குத் தெரிந்ததையும் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. தொற்றுக் காலத்தில் எனக்கு நோய் கண்டது. உனக்கோ ஆஸ்துமா. பதினேழு நாள் மச்சில் அடைந்து கிடந்தேன். நீ வாசலில் தட்டை வைத்து, கதவை இரண்டு தரம் தட்டிவிட்டு இறங்குவாய். மரப்படிகள் பதினான்கு. கடைசிப் படி முனகிய பிறகே தாழ்ப்பாளைத் தொடுவேன். அதற்கு முன் திறந்தால் என் மூச்சு உன்னைக் கொன்றுவிடும் என்று நம்பினேன்.

நோய் போயிற்று, அந்த நம்பிக்கை போகவில்லை. நீதிமன்றத்தில் யாரோடும் வாதாடினேன். மூடிய கதவு தட்டப்பட்டால் மட்டும், தட்டியவர் இறங்கும் ஓசைக்காகக் காத்து நின்றேன். என் அலுவலகமும் அந்த மச்சுதானே; கட்சிக்காரர்கள் சிலர் அப்படியே இறங்கிப்போய் வேறு வக்கீலை அமர்த்திக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முகாந்திரமில்லை. திறந்தே வைத்துக்கொள்ளலாமே என்றாய். வைத்தேன், யார் வருவாரோ என்று படியையே பார்த்திருந்ததில் ஒரு வரி எழுத முடியவில்லை.

ஒருநாள் கதவுக்கு அப்பாலிருந்து உன் குரல்: "அம்பி, இன்னிக்கி நான் பதிமூணு படிதான் எறங்குவேனாக்கும். அப்பறம் நீ தெறக்கணும், கேட்டியா? தெறக்கலேன்னா தோசை ஆறிடும், எனக்கொண்ணும் நஷ்டமில்லே."

அன்று நான் திறக்கும்வரை நாற்பது நிமிடம் கடைசிப் படிக்கு முன்னால் நின்றாய். உன் முட்டிவலியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானாவது கேட்டிருக்க வேண்டாமா?

பதிமூன்று பன்னிரண்டாயிற்று. மருத்துவரிடம் சொன்னபோது, அக்காவின் முறையையே தொடருங்கள் என்றார். சில படிகளுக்கு ஒரு வாரம். ஏழாம் படிக்கு மட்டும் ஒரு மழைக்காலம் முழுவதும். நாலாம் படிக்கு வந்திருந்தபோதுதான் உன் இதயம் நோய்ப்பட்டது. ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நாலு படி பாக்கி இருக்குடா" என்றாய். என்னிடம் நீ கடைசியாகச் சொன்னது அதுதான்.

உனக்குப் பிறகு உன் இடத்தில் என் குமாஸ்தா ஷீபா நின்றாள். மூன்று, பிறகு இரண்டு. அதற்குமேல் நகரவில்லை.

இன்று வந்தவர் மாரியப்பன், தென்காசிப் பக்கத்துக் கொத்தனார். மகளின் பள்ளிச் சான்றிதழில் பெயர் மாறியிருப்பதற்குப் பிரமாணப் பத்திரம் வேண்டி வந்தார். நம் வீட்டுப் படிச் சட்டம் அவருக்குத் தெரியாது. தட்டினார். நான் தாழ்ப்பாளருகே நின்றேன். காலடி ஓசை இல்லை.

"சார், ஃபேன் சத்தம் கேக்குது. உள்ளதான் இருக்கீங்க. நான் எங்கயும் போவல."

கீழிருந்து ஷீபா கத்தினாள்: "சேட்டா, ரெண்டு படி எறங்கி நில்லு! இல்லேங்கில் சார் தொறக்காது!"

"எதுக்கும்மா எறங்கணும்? ஏறுனதுக்கே இடுப்பு போச்சு. வேணும்னா அவரு வெளிய வரட்டும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே திறந்துவிட்டேன். ஒரு முழத் தூரத்தில் அவர் முகம். அவர் மூச்சில் வெற்றிலை வாசனை. ஷீபா பதினான்கு படியும் ஓடி ஏறிவந்து கை தட்டினாள்.

"கதவத் தொறந்ததுக்கா இவ்ளோ சந்தோசம்?" என்றார் மாரியப்பன்.

ஆம், அதற்குத்தான்.

குணமாகிவிட்டேன் என்று எழுதமாட்டேன். ஒருநாள் சாட்சியம் போதாது. ஆனால் பிற்பகலில் மேலும் இருவர் தட்டினார்கள். இரண்டாமவர் தட்டிய கையை இறக்குமுன் திறந்துவிட்டேன். பயந்துபோனது அவர்தான்.

உன் இறப்புச் சான்றிதழில் காரணம் இதயம் என்றே எழுதியிருக்கிறது. பலமுறை படித்திருக்கிறேன், இன்றுதான் நம்பினேன். என் மூச்சு உன்னைக் கொல்லவில்லை, அக்கா.

இனி யார் தட்டினாலும், அவர் கால் திரும்புமுன் திறப்பேன். தவறினால், தவறியதாகவே உனக்கு எழுதுவேன்.

இப்படிக்கு,
நீ படியில் நின்று காத்த தம்பி,
சங்கரன்

சாட்சிகள்:
ஷீபா, குமாஸ்தா, இரண்டாம் படியில் நின்றவர்.
மாரியப்பன், கொத்தனார்; இறங்க மறுத்தவர்.