அவளுக்குத் தைத்த சீருடை

2018 பிப்ரவரி 6, செவ்வாய்

நோகுவேசி அம்மாவின் பாவாடை இடுப்பை மறுபடியும் பிரித்து விட வேண்டும். உடம்பு பெருத்துவிட்டது என்று ஒப்புக்கொள்ள மாட்டார். துணி சுருங்கிவிட்டதாம். சபையின் பெண்கள் ஜெபக்குழுவுக்கு, அதாவது எங்கள் மன்யானோவுக்கு, அவர்தான் தலைவி. அதனால் நானும் "ஆமாம்மா, மட்டமான துணி" என்று சொல்லிவைத்தேன்.

எங்கள் ஊர் ம்டன்ட்சானேயில் சபைப் பெண்கள் வியாழக்கிழமைதோறும் போட்டுக்கொண்டு போகும் ஊதா மேல்சட்டை, வெள்ளைக் காலர், கறுப்புப் பாவாடை எல்லாம் என் மெஷினில் தைத்தவைதான். வுயிஸ்வாவுடையதும். அவளுடையதற்கு மட்டும் காஜா கையால் எடுத்தேன்.

எனக்கு ஒன்று கிடையாது. கல்யாணமானவர்களுக்குத்தான் சீருடை. விதவைகளுக்கும் உண்டு. வுயிஸ்வா தெம்பிலேவின் விதவை. நான் யார்? அவள் வீட்டுப் பின் அறையில் குடியிருக்கும் தையல்காரி லின்டெகா. பின் அறையில் மெஷின் இருக்கிறது, துணி இருக்கிறது. கட்டில் எங்கே என்று பதினான்கு வருடமாக யாரும் கேட்டதில்லை.

பிப்ரவரி 11, ஞாயிறு

சபைக்கு இரண்டு புதியவர்கள். கேப் டவுனிலிருந்து வந்திருக்கிறார்கள். பாஸ்டர் மபன்ட்லா எழுந்து நிற்கச் சொன்னார். நெட்டையானவள், "நான் புலெல்வா, டீச்சர். இது கன்யிசா, துறைமுகத்துல வேலை" என்றாள். அவ்வளவுதான். அக்கா தங்கை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

நான் நினைக்கவில்லை. கன்யிசா அவள் தோளில் இருந்த நூலை எடுத்துப் போட்ட விதமே போதும்.

இரண்டாவது வரிசையில் ஒட்டி உட்கார்ந்து, ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு பாடினார்கள். நான் கொயரில், தாழ்ந்த குரலில் பாடும் ஆல்ட்டோ வரிசையில். வுயிஸ்வா எதிர்ப்பக்கம், விதவைகளோடு. நாங்கள் சபையில் சேர்ந்து உட்கார்ந்ததே இல்லை. வீட்டுக்கு நடக்கும்போதும் அவள் முன்னால், நான் பின்னால்.

சாப்பிடும்போது சொன்னேன், அந்த ரெண்டு பேரும் ரொம்பத்தான் காட்டிக்கிறாங்க என்று. எதை என்று கேட்டாள் வுயிஸ்வா. "பாட்டுப் புத்தகத்தை" என்றேன். சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

பிப்ரவரி 17, சனி

புலெல்வா வந்தாள். சீருடைக்கு அளவெடுக்க.

நான் டேப்பை எடுக்கும்போதே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கன்யிசாவோடு உள்துறை அலுவலகத்தில் பதிவுத் திருமணம். பாஸ்டருக்குத் தெரியும். கல்யாணமானவள் என்றுதான் விதி சொல்கிறது, யாரோடு என்று சொல்லவில்லை என்றாராம். மார்ச் எட்டாம் தேதி வியாழக்கிழமை மற்றப் புதுப் பெண்களோடு இவளுக்கும் மன்யானோவில் சேர்த்ததற்கு அடையாளமாகச் சட்டையில் பதக்கம் குத்தப்போகிறார். அதுவரை ஊரெல்லாம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

பிறகு சாதாரணமாகக் கேட்டாள். "நீங்களும் எங்கள மாதிரிதானே அக்கா?"

டேப் என் கையில் இருந்தது. "வுயிஸ்வா என் வீட்டுக்காரம்மா. நான் வாடகைக்கு இருக்கேன்" என்றேன்.

ஒரு நொடி பார்த்தாள். முன்பல் சந்து தெரியச் சிரித்தாள். "கன்யிசாகூட என் வீட்டுக்காரம்மாதான்."

இடுப்பை இறுக்கி அளந்தேன்.

பிப்ரவரி 20, செவ்வாய்

வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவளுக்குக் கிடைக்கிறது. நான் இந்தச் சபையில் ஞானஸ்நானம் பெற்றவள். எத்தனை சாவுக்குப் பாடியிருக்கிறேன், எத்தனை கல்யாணத்துக்கு மேசை விரித்திருக்கிறேன்.

வுயிஸ்வாவுக்கு ஒரே சந்தோஷம். புலெல்வாவுக்காக ரொட்டி சுட்டுக் கொடுத்தனுப்பினாள். எனக்கு இப்படி என்றாவது சுட்டிருக்கிறாளா? சுட்டிருக்கிறாள். இருந்தாலும்.

நாமும் பதிவு செய்துகொள்ளலாமே என்றேன். தெம்பிலேவின் அண்ணன்மார் சும்மா இருக்க மாட்டார்கள், இந்த வீட்டைக் கேட்டு வருவார்கள் என்றாள். எப்போது கேட்டாலும் இதே பதில். கூடத்தில் தெம்பிலே போட்டோவில் சிரித்துக்கொண்டிருக்கிறான். ஒவ்வொரு நவம்பரிலும் சபையில் இறந்தோர் வரிசையில் அவன் பெயரை வாசிக்கிறார்கள், வுயிஸ்வா எழுந்து நிற்கிறாள். நான் செத்தால் யார் எழுந்து நிற்பார்கள்? செத்தவன் மீது பொறாமைப்பட எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 25, ஞாயிறு

ஆராதனைக்குப் பிறகு காலரைத் தைத்து முடித்தேன். வுயிஸ்வா நோயாளி ஒருவரைப் பார்க்கப் போயிருந்தாள். கதவைச் சாத்திவிட்டு அந்தச் சட்டையைப் போட்டுப் பார்த்தேன். தோள் எனக்குப் பெரிது, கை நீளம். இருந்தாலும் கண்ணாடி முன்னால் நின்றேன்.

திரும்பினால் வுயிஸ்வா வாசலில். கிட்ட வந்து காலரை நேராக்கினாள். "நல்லாத்தான் இருக்கு உனக்கு" என்றாள்.

திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மார்ச் 3, சனி

செய்துவிட்டேன்.

நோகுவேசி அம்மா பாவாடை வாங்க வந்தார். ஹேங்கரில் புது ஊதாச் சட்டையைப் பார்த்து யாருடையது என்று கேட்டார். டீச்சர் புலெல்வாவுடையது என்றேன். "அவ புருஷன் எங்கம்மா வேலை? சபைப் பக்கம் ஆளையே காணோமே."

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தை.

"துறைமுகத்துல. நீங்கதான் வாராவாரம் பாக்குறீங்களே அம்மா. ரெண்டாவது வரிசையில, அவ பக்கத்துலயே."

அவர் முகத்தில் அது மெதுவாக இறங்கியதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊற்றி வைத்த டீயைக் குடிக்காமல் போய்விட்டார்.

பொய்யா சொன்னேன்? இல்லையே. அவங்க என்ன ஒளிச்சா வச்சிருக்காங்க? பட்டவர்த்தனமா உக்காந்துதானே பாடுறாங்க. நான் சொல்லாட்டி வேற யாராவது சொல்லத்தான் போறாங்க —

ஊசியில் நூல் கோக்க முடியவில்லை.

மார்ச் 8, வியாழன்

கொயர் பாட வேண்டியிருந்ததால் நானும் இருந்தேன்.

புதுப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். புலெல்வா கடைசியில். சட்டை அவளுக்கு அளந்து வார்த்தது போலப் பொருந்தியிருந்தது. பாஸ்டர் அவள் முன்னால் வந்து பதக்கத்தை எடுத்தபோது நோகுவேசி அம்மா எழுந்தார். "இந்தப் பொண்ணோட புருஷன் யாருன்னு அவளே சபைக்குச் சொல்லட்டும்."

புலெல்வா தயங்கவில்லை. "கன்யிசா. அதோ, வாசல்கிட்ட நிக்கிறா."

பாஸ்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பின்வரிசையில் ஒரு பெண் பாட்டை ஆரம்பித்தாள். எங்கள் வழக்கம் அது. ஒருவர் பேச்சு பிடிக்கவில்லை என்றால் பாட்டை எடுத்துவிடுவோம், பேசுகிறவர் உட்காரும்வரை விட மாட்டோம். எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். காலைத் தட்டிப் பாடினார்கள். பாஸ்டரின் உதடு அசைவது மட்டும் தெரிந்தது.

நானும் பாடினேன். ஆல்ட்டோ தானாக வந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவ்வளவு அழகாக வந்தது.

புலெல்வா நடுப்பாதையில் இறங்கி வாசலுக்கு நடந்தாள். எதிர்ப்பக்கம் வுயிஸ்வா பாடாமல் நின்றாள். மார்பிலிருந்த பதக்கத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். புலெல்வாவின் பின்னாலேயே போய்விட்டாள்.

என் பக்கம் பார்க்கவில்லை.

மார்ச் 9, வெள்ளி

வுயிஸ்வா காலையிலேயே புலெல்வா வீட்டுக்குப் போய்விட்டாள். இருட்டுவதற்குள் வந்தாள். அங்கேயே சாப்பிட்டாயிற்றாம்.

மார்ச் 14, புதன்

பாஸ்டர்தான் வெளியே சொல்லிவிட்டார் என்று பேச்சு. முதலில் தானே ஒத்துக்கொண்டு பிறகு பயந்து காட்டிக்கொடுத்துவிட்டாராம். புலெல்வாவே அப்படித்தான் நம்புகிறாளாம். வுயிஸ்வா இதைச் சொல்லிக்கொண்டே உருளைக்கிழங்கு உரித்தாள். "அந்த மனுஷன் முகத்துல எப்படி முழிக்கிறதுன்னு புலெல்வா அழுறா."

சொல்லிவிட்டேன். நான்தான் என்று.

கத்தியைக் கீழே வைத்தாள். "அவளுக்குக் கிடைக்கக் கூடாதுன்னா?"

"எனக்குக் கிடைக்கலியே, வுயி."

"பதினாலு வருஷமா உன்ன ஒளிச்சு வச்சது நானு. அந்தக் கோவத்த என்மேல காட்டியிருக்கலாமே லின்டி. அந்தப் பொண்ணு உனக்கு என்ன செஞ்சா?"

பின் அறைக்குப் போய்த் துணிகளை ஒதுக்கி மெத்தையை விரித்தாள். போர்வையை மடித்துத் தலைமாட்டில் வைத்தாள். ஊருக்குச் சொல்லிவந்தது உண்மையாகிவிட்டது. இப்போது நான் பின் அறையில் குடியிருப்பவள்.

மார்ச் 24, சனி

இன்று மூப்பர் கூட்டம். புலெல்வாவைச் சேர்க்க ஒத்துக்கொண்டதற்காகப் பாஸ்டரை விசாரிக்க. நான் போய்ப் பேசப் போகிறேன் என்று வுயிஸ்வாவின் கதவுக்கு வெளியே நின்று சொன்னேன். உன் பேரையும் சொல்ல வேண்டியிருக்கும் என்றேன். உள்ளிருந்து, "சொல்லு. தெம்பிலேவோட அண்ணனுக்கு நானே போன் பண்ணிடறேன்" என்றாள்.

சபைக்கூடத்தில் எழுந்து நின்றேன். பாஸ்டர் யாரிடமும் சொல்லவில்லை, நோகுவேசி அம்மாவிடம் சொன்னது நான் என்றேன். ஏன் என்று கேட்டார்கள்.

"பொறாமையில. அவளுக்குப் போடற சட்டை எனக்கும் வேணும்னு இருந்துச்சு. நான் வுயிஸ்வா வீட்ல வாடகைக்கு இருக்கறவ இல்ல. நாங்க ரெண்டு பேரும் பதினாலு வருஷமா ஒரு குடும்பம்."

யாரும் பாட்டு எடுக்கவில்லை. நோகுவேசி அம்மா கோபப்படுவார் என்று நினைத்தேன். தலையைக் குனிந்துகொண்டார். "எங்களுக்குத் தெரியாதுன்னா நெனச்ச? நீ வாயத் திறக்காம இருந்திருந்தா நாங்களும் கேக்காமலே இருந்திருப்போம். இப்ப எங்கள என்ன செய்யச் சொல்ற?"

அவர் குரலில் இருந்தது பாசம்தான். அதுதான் எனக்குப் புரியவில்லை. என்னைக் காப்பாற்றியதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். தெரிந்தே எனக்கு, தெம்பிலேவின் பெயரை வாசித்த ஒவ்வொரு நவம்பரிலும் டீ ஊற்றிக் கொடுத்திருக்கிறார்.

தீர்ப்பு: எனக்கும் வுயிஸ்வாவுக்கும் திருவிருந்து இல்லை. எனக்குக் கொயரும் இல்லை. பாஸ்டருக்கு வேறு ஊருக்கு மாற்றல்.

ஏப்ரல் 1, ஈஸ்டர்

விடியற்காலைப் பாட்டு வீடுவரை கேட்டது. நான் இல்லாமல் ஆல்ட்டோ மெலிந்துபோயிருந்தது. சந்தோஷப்பட்டேன். பிறகு பல்லுக்குள் துணியை வைத்துக்கொண்டு அழுதேன்.

ஏப்ரல் 22, ஞாயிறு

மூன்று வாரமாக வுயிஸ்வா, புலெல்வாவோடும் கன்யிசாவோடும் காரில் பக்கத்து நகரமான ஈஸ்ட் லண்டனுக்குப் போகிறாள். அங்கே ஒரு சின்னச் சபை, பள்ளிக்கூட ஹாலில் கூடுகிறதாம். யாரோடு வந்தாய் என்று அங்கே யாரும் முகம் சுளிப்பதில்லையாம். என்னைக் கூப்பிடவில்லை. நான் எந்த முகத்தோடு போவேன்?

ஆனால் இப்போதெல்லாம் பேசுகிறாள். இன்று சாப்பிடும்போது அந்தச் சபையில் பாடும் லவோனா என்கிற பெண்ணைப் பற்றியே பேச்சு. "ஆல்ட்டோன்னா அதான் ஆல்ட்டோ, லின்டி. என்ன குரல்."

சோளமும் பீன்ஸும் வெந்த பானையை வேண்டுமளவுக்கு மேல் சத்தமாக இறக்கி வைத்தேன்.

மே 8, செவ்வாய்

தெம்பிலேவின் அண்ணன் வந்தார். வீடு வுயிஸ்வாவின் பேரில்தான் இருக்கிறது என்பது அவருக்கும் தெரியும்போல. கத்தினார், என்னைப் பார்த்துத் துப்பினார், தம்பியின் போட்டோவைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு போய்விட்டார். இவ்வளவு வருடமாக இதற்கா பயந்தோம்?

வுயிஸ்வா அழுதாள். அவனுக்காகத்தான். இந்த முறை எனக்கு எரியவில்லை. கொஞ்சம் எரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

மே 19, சனி

புலெல்வா வந்தாள். அந்தச் சட்டையை மேசையில் போட்டாள். இதைப் பிரித்து வேறு ஏதாவது தைக்க முடியுமா, எறிய மனசு வரவில்லை, பார்க்கவும் முடியவில்லை என்றாள்.

தலையணை உறை தைக்கலாம் என்றேன். என்னை மன்னித்துவிடு என்று ஒரு வழியாகச் சொன்னேன்.

"இன்னும் இல்ல அக்கா. பொய் சொல்ல மாட்டேன். உங்கள நம்பித்தானே சொன்னேன்." நகத்தால் ஒரு தையலைக் கீறிக்கொண்டே நின்றாள். "ஆனா கார்ல ஒரு இடம் இருக்கு. வுயிஸ்வா அக்கா போகும்போதும் வரும்போதும் ஜன்னலையே பாத்துட்டு வர்றாங்க. எங்களால அதப் பாக்க முடியல. நாளைக்கு இல்ல, அடுத்த ஞாயிறு வாங்க. முன்சீட்ல உக்காருங்க. என்கூடப் பேசணும்னு இல்ல."

மே 23, புதன்

பின் அறை மெத்தையைச் சுருட்டி வைக்கச் சொன்னாள் வுயிஸ்வா.

மே 27, ஞாயிறு

போனேன். காரில் கன்யிசா ஓட்டினாள், நான் முன்னால். புலெல்வா என்னோடு பேசவில்லை. இறங்கும்போது என் கோட்டு கதவில் மாட்டியது, எடுத்துவிட்டாள்.

ஹாலில் மடக்கு நாற்காலிகள். நாற்பது பேர் இருக்கலாம். லவோனா குள்ளமானவள், கண்ணாடி போட்டவள். குரல் நன்றாகத்தான் இருக்கிறது. ஒவ்வொரு பாட்டிலும் கடைசி வரியில் மட்டும் சுருதி இறங்குகிறது. வுயிஸ்வாவிடம் நான் சொல்லவில்லை. அவளே கவனிக்கட்டும்.

நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். முதல் பாட்டிலேயே வுயிஸ்வா என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். யார் பார்க்கிறார்கள் என்று பார்த்தேன். இடது பக்கம், வலது பக்கம், பின்னால். யாரும் பார்க்கவில்லை. இரண்டாவது பாட்டிலும் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

மூன்றாவது பாட்டு எனக்குத் தெரிந்த பாட்டு. பாடினேன்.