'ஊசி கிடையாது' அட்டையைக் கழற்ற வைத்தவளுக்கு

இன்று காலை கடை திறந்ததும், புதிதாக வந்திருந்த ஸ்பிரிட் பஞ்சுப் பெட்டியைப் பிரித்தேன். அந்த வாடை குப்பென்று மூக்கில் ஏறியது. "வா, டீ சொல்லட்டுமா?" என்று வாய் தானாகக் கேட்டுவிட்டது. கடையில் யாருமே இல்லை. மல்லிகைப்பூவும் ஸ்பிரிட்டும் கலந்த வாடை இந்தக் காஞ்சிபுரத்தில் உன் ஒருத்தியிடம்தான் அடிக்கும். நீ போய் ஏழு மாதம் ஆகிறது. கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் தனியாக நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். உன்னை நினைத்தால் முதலில் சிரிப்புத்தான் வருகிறது. நான் என்ன செய்ய?

நீ முதன்முதலாக இந்தக் கடைக்கு வந்த நாளில் நான் சிரிக்கவில்லை. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் மருந்துக்கடை வைத்திருப்பவளிடம் எல்லா விதமான ஆட்களும் வருவார்கள். சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டு, முகத்தைப் பார்க்காமல், "ஒரு சிரிஞ்ச்" என்று முணுமுணுப்பவர்களைக் கண்டாலே எனக்கு எரியும். போதைக்குத்தான் கேட்கிறார்கள் என்று தெரியும். அதனால் 'ஊசி, சிரிஞ்ச் கிடையாது' என்று ஓர் அட்டையில் எழுதி வாசலில் தொங்கவிட்டிருந்தேன். ஊருக்கு நல்லது செய்துவிட்ட திருப்தி எனக்கு.

வாடாமல்லி நிறச் சேலை, நெற்றியில் பெரிய பொட்டு, தலை நிறையப் பூ, கையில் மஞ்சள் வயர் கூடை. மாமியாருக்குச் சர்க்கரை மாத்திரை வாங்க வந்தவள் என்றுதான் உன்னை நினைத்தேன். நீ அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாய்.

"இதை எழுதினது யாரு மேடம்?"

"நான்தான். ஏன்?"

"கையெழுத்து முத்து முத்தா இருக்குது. இவ்ளோ அழகான எழுத்துல ஆளைக் கொல்லலாமா?"

எனக்குப் புரியவில்லை. நீ கூடையைக் கவுன்ட்டர் மேல் வைத்துவிட்டு, சொந்தக்காரியிடம் பேசுவது போல ஆரம்பித்தாய். "நீங்க இல்லன்னு சொன்னா அவன் கோயிலுக்கா போயிடப் போறான்? பக்கத்துல ஒருத்தன் போட்ட ஊசியை வாங்கிப் போடுவான். அவனுக்கு எச்.ஐ.வி. இருந்தா இவனுக்கு வரும். அப்புறம் இவன் பொண்டாட்டிக்கு வரும். ஊசி போடுறவங்களுக்காக நடத்துற எங்க சென்டர்ல புது ஊசி சும்மாவே தர்றோம். ஆனா சாயங்காலம் பூட்டிடுவாங்க. ஞாயித்துக்கெழமை கெடையாது. போதைக்கு ஞாயித்துக்கெழமை லீவா மேடம்?"

"உங்களுக்கு எப்படி இதெல்லாம் தெரியும்?"

நீ முழங்கையைத் திருப்பிக் காட்டினாய். உட்புறத்தில் கறுத்த கோடுகளாகத் தழும்பு. "நானும் போட்டவதான் மா. அஞ்சு வருஷம்."

நான் உன்னை வெளியே போகச் சொன்னேன். மறுநாளும் வந்தாய், இருமல் மிட்டாய் ஒன்று கேட்டு. அதற்கடுத்த நாளும் வந்தாய். உனக்கு இருமலே இல்லை. ஒரு வாரத்துக்கு மேல் இப்படி. கடைசியில், "ஒரு அரை மணி நேரம் என்கூட வாங்க மேடம். அப்புறம் உங்க கடைப் பக்கமே வர மாட்டேன்" என்றாய். உன் தொல்லை ஒழிந்தால் போதும் என்றுதான் கிளம்பினேன்.

வேகவதி ஆற்றங்கரையில் முள்புதருக்கு நடுவே என்னைக் கூட்டிக்கொண்டு போனாய். அங்கே உட்கார்ந்திருந்த மூன்று பேர் எழுந்து, "வணக்கம் கா" என்றார்கள். நீ கூடையிலிருந்து ஓர் இடுக்கியையும் மூடி வைத்த வெள்ளை டப்பாவையும் எடுத்து, கீழே கிடந்த ஊசிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டாய். அதில் ஒன்றை மட்டும் என் கண்ணுக்கு நேராகப் பிடித்தாய். அந்த சிரிஞ்சில் அளவுக் கோடு ஒன்றுகூட இல்லை. கழுவிக் கழுவிப் போட்டதில் எண்களெல்லாம் அழிந்திருந்தன. ஊசி முனை வளைந்திருந்தது. ஒரு முறை போட்டுவிட்டு எறிய வேண்டிய பொருள் அது என்று பரீட்சையில் எழுதித் தேர்ச்சி பெற்றவள் நான். யாரோ அதை நேற்றுகூடப் போட்டிருக்கிறார்.

கடைக்குத் திரும்பியதும் அட்டையைக் கழற்றினேன். நீ அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாய். பின்பக்கம் வெறுமையாக இருக்கிறதே, சென்டரில் கேரம் பாயின்ட் எழுத ஆகும் என்றாய். இனி கடைப் பக்கமே வர மாட்டேன் என்று சொன்னவள், மறுநாள் காலையில் இரண்டு டீயோடு வந்து நின்றாய்.

அப்படித்தான் நாம் சிநேகிதிகள் ஆனோம். மேடம் போய், பெயர் வந்து, பிறகு 'வாடி, போடி' என்று பேச ஆரம்பித்தோம். உன் கதையைத் துண்டு துண்டாகச் சொன்னாய். காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையில் சேலை பிரித்துக் காட்டும் வேலையில் இருந்தாய். உன் கணவர் பழக்கத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தார். உனக்கும் பழக்கிவிட்டார். ஒரு நாள் ரவிக்கைக் கைக்குக் கீழே தழும்பு தெரிந்ததும் உன்னை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள். அவர் போய்ச் சேர்ந்தார், நீ பிழைத்தாய். போதை ஏக்கத்தை அடக்க நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ளும் மாத்திரையைத் தினமும் சென்டரில் வாங்கிப் போட்டு, மெல்ல மெல்ல ஊசியை விட்டாய். பிறகு அதே சென்டரில், ஊசி போடுகிறவர்களைத் தேடிப் போகும் வேலைக்குச் சேர்ந்தாய்.

பட்டுக்கடையை விட்டாலும் அந்தப் பேச்சை நீ விடவில்லை. சென்டரில் விரித்த பாயில் புது சிரிஞ்சுகளைப் பரப்பி வைத்துக்கொண்டு, "வாங்க சார், பாருங்க சார், எடுக்கணும்னு கட்டாயம் இல்ல. இது மெல்லிசு, நரம்புக்கு நோகாது. இது கொஞ்சம் கனம். டிசைன் மட்டும் ஒரே டிசைன்தான், கோச்சிக்காதீங்க" என்பாய். முகத்தில் உயிரே இல்லாமல் உள்ளே வந்தவன்கூடச் சிரித்துவிடுவான். சிரித்தவனிடம்தான் அடுத்த கேள்வியைக் கேட்பாய்: "பழசைத் திருப்பிக் கொண்டாந்தியா?"

நெசவாளர் தெரு ஒன்றில் மனைவிமார்களுக்கு நீ ஆணுறை பற்றிப் பாடம் எடுத்ததை என்னால் மறக்க முடியாது. துணைக்கு என்னையும் இழுத்துப்போயிருந்தாய். மாடல் பொம்மையைச் சென்டரிலேயே மறந்துவிட்டு வந்திருந்தாய். சுற்றுமுற்றும் பார்த்தாய். தறியோரம் கிடந்த, தார் நூல் சுற்றும் குச்சியை எடுத்தாய். "தினம் நீங்க கையில பிடிக்கிறதுதானே, கூச்சப்படாம பாருங்க" என்று அதில் போட்டுக் காட்டினாய். அந்த வீட்டுக்காரம்மா, "ஐயோ, நாளைக்கு நான் இதை வெச்சுக்கினு எப்படி தார் சுத்துவேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டார். பதினோரு பெண்களும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுத் தறி நின்றது. அவர்களில் ஐந்து பேர் மறுநாளே ரத்தப் பரிசோதனைக்கு வந்தார்கள்.

இந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் அது நடந்தது. ஒரு மத்தியானம் சென்டருக்குப் பஞ்சுப் பெட்டி கொடுக்க வந்தேன். கேரம் பலகைக்கு முன்னால் என் தம்பி உட்கார்ந்திருந்தான். ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறவன், என் கூடப் பிறந்தவன், முழுக்கைச் சட்டையோடு. என்னைப் பார்த்ததும் அப்படியே எழுந்து நின்றான்.

 உன் பக்கம் திரும்பினேன். "உனக்கு எவ்ளோ நாளா தெரியும்?"

"ஒரு வருஷத்துக்கு மேல இருக்கும்."

"தினம் என் கடையில உக்காந்து டீ குடிச்சுக்கினு இருந்தியே, ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலியா?"

"தோணுச்சு. தினம் தோணுச்சு. ஆனா அவன் விஷயம் அவனுது. அதை நான் எடுத்துக் குடுக்க முடியாது."

நான் பெட்டியைக் கீழே போட்டுவிட்டு வந்துவிட்டேன். உன்னோடு பேசுவதை நிறுத்தினேன். ஒரு மாதம் இருக்கும். நீ வழக்கம்போல இருமல் மிட்டாய் வாங்க வந்தாய். நான் முகத்தைப் பார்க்காமல் எடுத்து வைத்தேன்.

தம்பிதான் வந்து பேசினான். "அக்கா, அவங்க உன்கிட்ட சொல்லியிருந்தா நான் அந்தப் பக்கமே திரும்பியிருக்க மாட்டேன். ஆத்தங்கரையில அடுத்தவன் ஊசியை வாங்கிப் போட்டுக்கினு இருப்பேன். மொத நாள் அவங்க என்னைப் பார்த்தப்போ, கையில அதைத்தான் வெச்சிருந்தேன். திட்டல, விடுன்னு சொல்லல. சாப்டியான்னு கேட்டாங்க. புது ஊசியைக் குடுத்துட்டு அதை வாங்கிக்கினாங்க."  பிறகு, அவனோடு முன்பு ஊசியைப் பகிர்ந்த இரண்டு பேருக்கு எச்.ஐ.வி. வந்திருக்கிறது, இவனும் பரிசோதனைக்குப் போக வேண்டும், பயமாக இருக்கிறது என்றான். "நீயும் வா. அவங்களும் வரணும்."

அரசு மருத்துவமனைப் பெஞ்சில் நாம் மூவரும் உட்கார்ந்திருந்த காலை உனக்கு நினைவிருக்கும். அவன் நடுவில், நாம் இரண்டு ஓரங்களில். முடிவு சொல்ல அவனை உள்ளே கூப்பிட்டார்கள். அவன் இடம் காலியானதும் என்னால் தாங்க முடியவில்லை. ஒரு மாதத்துக்குப் பிறகு உன்னிடம் வாய் திறந்தேன்.

"இருக்குதுன்னு சொல்லிட்டா?"

"சொல்லிட்டா, என்னை மாதிரி தினம் மாத்திரை போடணும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உனக்கா?"

"எட்டு வருஷமா. அவன் விஷயம் அவனுது, அதான் சொல்லல. இது என் விஷயம், இப்ப சொல்றேன். நான் செத்தா போயிட்டேன்? முந்தாநாள் சென்டர்ல ரெண்டு பிளேட் பிரியாணி சாப்பிட்டேன் டீ. மூணாவது கேட்டதுக்கு இல்லன்னுட்டாங்க."

நான் அழுதுகொண்டே சிரித்தேன். சிரித்துக்கொண்டே உன் கையைப் பிடித்தேன். தம்பி கதவைத் திறந்துகொண்டு வந்தான். அவனுக்கு இல்லை. மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்றார்கள். பார்த்தோம், அப்போதும் இல்லை. அன்றைக்கு நீ போட்ட கூச்சலுக்கு நர்சம்மா வெளியே வந்து, "இது ஆஸ்பத்திரியா, சந்தையா?" என்று கத்தினார். நீ அவரையும் கட்டிக்கொண்டாய்.

'விடு, நிறுத்து' என்று அவனை விரட்டாதே என்று எனக்குச் சொன்னாய். "அவன் உயிரோட இருக்கட்டும். மிச்சம் தானா வரும்." அதற்கும் நாள் பிடித்தது. இரண்டு முறை வழுக்கினான். பிறகு தினமும் காலையில் வேன் எடுக்கும் முன் சென்டரில் அந்த நாக்கடி மாத்திரையைப் போட்டுக்கொள்ளப் பழகினான். பெண் பார்க்கப் போன இடத்தில், எல்லாவற்றையும் அவனே அந்தப் பெண்ணிடம் சொன்னான். அவள், "எங்கப்பா குடிக்கிறதை மறைச்சுத்தான் எங்கம்மாவைக் கட்டினாரு. நீங்க சொல்லிட்டீங்க" என்றாள். அதைக் கேட்டு நீ சந்தோஷத்தில் என் தொடையில் அறைந்த அறை இன்னும் காந்துகிறது.

முகூர்த்தப் புடவை எடுக்க உன்னைத்தான் கூப்பிட்டோம். உன்னை நிறுத்தின அதே கடைக்குத்தான் போக வேண்டும் என்று அடம்பிடித்தாய். மெத்தையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "மேல் தட்டுல இடது பக்கம் மூணாவது அடுக்கு. நல்லதையெல்லாம் அங்கதான் வெப்பீங்க, எடுங்க" என்றாய். பிரித்துப் போட்ட சேலைகள் மலையாகக் குவிந்தன. பழைய சூப்பர்வைசர் வந்து எட்டிப் பார்த்தார். அடையாளம் தெரிந்து அப்படியே நின்றுவிட்டார்.

"நீ... நீங்க..."

"நான்தான் சார். இப்போ கஸ்டமரு. கஸ்டமருக்குக் கலர் சோடா குடுக்கிற வழக்கம் இருக்குதா, நிறுத்திட்டீங்களா?"

அவரே கொண்டுவந்து கொடுத்தார். நீ இரண்டு பாட்டில் குடித்தாய். அரக்கு நிறத்தில் மாம்பழ மஞ்சள் கரை போட்ட சேலையை எடுத்து, மணப்பெண் தோளில் போட்டு, ஓரடி பின்னால் தள்ளி நின்று பார்த்தாய். உன் முகத்தில் அப்படி ஒரு நிறைவை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

எச்.ஐ.வி. உன்னைக் கொண்டுபோகவில்லை. மாத்திரை அதைக் கட்டிப்போட்டிருந்தது. பழைய ஊசிகளில் ஏறிய இன்னொரு கிருமி பல வருஷமாக உன் கல்லீரலைத் தின்றிருக்கிறது. தெரிந்தபோது நாள் கடந்திருந்தது. "ஒரு ஹீரோயினுக்கு ரெண்டு வில்லன் ஜாஸ்தி டீ" என்று வார்டில் படுத்துக்கொண்டு சொன்னாய். உன்னை அனுப்பிவைக்க ஆற்றங்கரையிலிருந்து அத்தனை பேரும் வந்தார்கள், குளித்து, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு. உன் தெருக்காரர் ஒருவர், "யாருப்பா இவங்கள்லாம்?" என்று கேட்டார். என் தம்பி, "அவங்க கஸ்டமருங்க" என்றான்.

போன வாரம் ஒரு பெண் கடைக்கு வந்தார். "எங்க வீட்டுக்காரரு இங்க ஊசி வாங்குறாராமே, நெசமா?" என்று கேட்டார்.  நீயாக இருந்தால் என்ன சொல்வாய் என்று ஒரு கணம் யோசித்தேன்.

"யாரு என்ன வாங்குறாங்கன்னு நான் யாருகிட்டயும் சொல்றதில்ல மா. நாளைக்கு நீ வந்து எது வாங்கினாலும் சொல்ல மாட்டேன். உள்ள வந்து உக்காரு."

என்னைக் கண்டபடி திட்டினார். திட்டி முடித்து ஸ்டூலில் உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். பரிசோதனை எங்கே எடுப்பார்கள் என்று கேட்டார். செவ்வாய்க்கிழமை கடையைக் கணவரிடம் விட்டுவிட்டு, நானும் கூடப் போனேன். அதே பெஞ்சில் உட்கார்ந்தோம். உன்னைப் போலப் பேச எனக்கு வராது என்று உனக்கே தெரியும். வேறு எதுவும் தோன்றாமல், என் கணவர் விடும் குறட்டையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். குறட்டை விட்டும் காட்டினேன். எதிர்ப் பெஞ்சுக்காரர் திரும்பிப் பார்த்தார். அந்தப் பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார்.

பிறகு உள்ளே கூப்பிட்டார்கள். அவருக்கு என்ன சொன்னார்கள் என்று உனக்குக்கூட எழுத மாட்டேன். அது அவருடையது. திரும்பும் வழியில் இரண்டு பேரும் நின்று சூடாக மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டோம். அதை மட்டும் சொல்லலாம்.