நாலு மார்க்

ஜூன் 3
முனைவர் பட்டச் சேர்க்கைக்கு நாற்பத்தொரு விண்ணப்பம். சேர்க்கைக் குழுத் தலைவர் என்று சொல்லிக்கொள்ளலாம். வேலையென்னவோ தாள் புரட்டுவதுதான். கண் எரிகிறது. நம் லேப் பெண்ணும் போட்டிருக்கிறாள். என்னிடம் முதுகலை படித்தவள், ஒன்பது வருடமாக என் லேபைக் கட்டி மேய்ப்பவள். எனக்கு ஓய்வு நெருங்குகிறது, இனி ஒரே ஒருவரைத்தான் சேர்த்துக்கொள்ள முடியும். அது அவள்தான்.

ஜூன் 4
முதுகலையில் அவளுக்கு ஆயிரத்துக்கு 596. அறுபது சதவீதத்துக்குக் கீழே இருப்பவர்களைச் சேர்க்கக் கூடாது. அந்த விதியைக் கொண்டுவந்தது யார்? சாட்சாத் நான்தான்.

ஜூன் 5
அவளுடைய மார்க் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். மற்றதெல்லாம் அறுபதை ஒட்டி. வைப்ரேஷன் பேப்பரில் மட்டும் 51. நான் நடத்தியது, நான் திருத்தியது. அந்த வருடம் கேள்விகள் கடினம் என்று மற்ற ஆசிரியர்கள் மாணவர்கள் எல்லாருக்கும் அஞ்சு மார்க் கூட்டிப் போட்டார்கள். நான் மட்டும் மாட்டேன் என்றேன். நாளைக்கு இவங்க கட்டுற பாலம் விழுந்தா யாரு பதில் சொல்றதுன்னு வசனம் வேற. எந்தப் பாலம் விழுந்தது இப்போ?

ஜூன் 9
விதியைத் தளர்த்தும்படி குழுவில் கேட்டேன். பதிவாளர் கோப்பைத் திறந்து என் பழைய கடிதத்தையே வாசித்தார் — ஒருவருக்கு விட்டுக்கொடுத்தால் எல்லாருக்கும் விட்டுக்கொடுக்க வேண்டிவரும். மூக்கறுபட்டு வீடு வந்தேன். "உங்களுக்கு நீங்களே வெச்சுக்கிட்ட ஆப்பு" என்றாள் மனைவி. சரிதான்.

ஜூன் 10
லேப் பக்கம் போகவில்லை. கோழை.

ஜூன் 12
போனேன். சென்சாரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இடம் இல்லை என்பதையும் அந்த அஞ்சு மார்க் விஷயத்தையும் சொன்னேன்.
"தெரியும் சார். அப்பவே தெரியும். கேட்டாலும் நீங்க போட மாட்டீங்கன்னும் தெரியும்" என்றாள், தலை நிமிராமல்.
திட்டியிருந்தால் தேவலை. ஒன்பது வருஷமா இது தெரிஞ்சேதான் என் கூட வேலை செஞ்சாளா? நான் என்ன மனுஷன்?

ஜூலை 30
வேறொரு பல்கலைக்கழகத்தில் அவளை எடுத்துக்கொண்டார்கள். அங்கே வேலை அனுபவத்தையும் சேர்த்துப் பார்ப்பார்களாம். அரைப் பக்கம் சிபாரிசுக் கடிதம் கேட்டிருந்தாள். மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 21
சேர்க்கை முடிந்தது. என் பெயருக்கு நேரே 'காலி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மதியம் அவளுடைய புது வழிகாட்டி போன் செய்தார். அங்கே ஒரு வருடமாக ஓடாமல் கிடந்த மெஷினை வந்த மூன்றாம் நாளே ஓட வைத்துவிட்டாளாம்.
"இப்படிப்பட்ட பொண்ணை எப்படி சார் விட்டீங்க?"
மார்க் பத்தவில்லை என்றேன்.
யார் போட்ட மார்க் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.